சுண்ணாம்பும் சுர்க்கியும்

இடுக்கி மலைகளிடையே நிற்கும் முல்லைப் பெரியாறு அணை, பென்னிகுயிக் தலைமையில் 1895இல் கட்டி முடிக்கப்பட்டது. அக்காலத்தில் சுண்ணாம்பு, மணல், சுர்க்கி ஆகியவற்றை நீர்விட்டுக் குழைத்துச் சாந்தாக்கினர். சுண்ணாம்பு தனித்து இறுகக் காற்று வேண்டும். சுர்க்கி சேர்ந்தால் நீரடியிலும் இறுகும். எனினும், கசியும் நீர் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். ஆதலின் 1979க்குப் பின்னர், அணையை அடிப்பாறையுடன் எஃகு வடங்களால் பிணைத்து, பின்புறம் கற்காரை சேர்த்து வலுவூட்டினர்.

இன்றைய சிமெண்டு உலர்ந்து இறுகுவதன்று. நீருடன் வினைபுரிந்தே இறுகுகிறது. ஆகவே, புதிய கற்காரையைக் குறைந்தது 7 நாள் ஈரச் சாக்கால் போர்த்திக் காத்தல் வேண்டும். ஈரம் முன்னரே வற்றினால் வலிமை குன்றும், வெடிப்பும் தோன்றும்.

சொற்பொருள்: சுர்க்கி – சுட்ட செங்கற்பொடி, கற்காரை – கான்கிரீட்.

வினா: புதிய கற்காரைக்கு ஈரம் ஏன் தேவை?