வளவுக் கோழிகளை இராணிக்கெட் நோயினின்று காத்தல்

நெல்லும் காய்கறியும் செய்யும் கமக்காரரின் வளவிலே பத்துப் பன்னிரண்டு கோழிகள் மேய்வது வழக்கம். இவற்றிற்கெனத் தனியாகத் தீன் வாங்குவோர் சிலரே. களத்தில் சிந்திய நெல், அடுக்களை மிச்சம், கறையான், புழு பூச்சி ஆகியவற்றை உண்டே அவை முட்டையிடுகின்றன. இவ்வருவாய் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்குச் செல்வது. பிள்ளைகளின் கொப்பிக்கும் திடீரென வரும் மருந்துச் செலவிற்கும் உதவுவது. செலவின்றிக் கிடைப்பதாலேயே இக்கோழிகளின் நலத்தைப் பற்றிப் பலர் சிந்திப்பதில்லை. ஒரு கிழமைக்குள் கூடு வெறுமையான பின்னரே நட்டத்தின் அளவு தெரிகின்றது. ஊர்க்கோழிக் குஞ்சு முட்டையிடும் பருவத்தை அடைய ஆறேழு மாதங்கள் செல்லும். ஆகவே, அழிந்த கூட்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஓராண்டேனும் வேண்டும்.

இவ்வாறு கூட்டத்தோடு அழிக்கும் நோய்களுள் முதன்மையானது இராணிக்கெட் நோய். நியூகாசில் நோய் எனப்படுவதும் இதுவே. 1926 இல் யாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இது இனங்காணப்பட்டது. அதனையடுத்து வட இந்தியாவின் இராணிக்கெட் என்னும் மலைநகரில் கண்டறியப்பட்டமையால், நமது பகுதிகளில் அப்பெயரே நிலைத்துவிட்டது. இதனை உண்டாக்குவது வைரசு என்னும் நுண்கிருமி. பற்றீரியாக் கிருமிகளைக் கொல்லும் அன்ரிபயோற்றிக் மருந்துகள் இவ்வைரசை ஒன்றுஞ் செய்வதில்லை. சின்ன வெங்காயம், மஞ்சள், மிளகு ஆகியவற்றை அரைத்துக் கொடுத்தமையால் மாறிற்று என்று கூறுவோரும் உளர். எந்த நோயிலும் தானாகவே தப்பும் கோழிகள் ஒன்றிரண்டு உண்டு. மருந்து கொடுத்தும் மாண்டவற்றை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. நோய் கண்டபின் அதனை மாற்றும் மருந்து எதுவும் இல்லை என்பதை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

நோயின் குறிகள்

கிருமி உட்புகுந்து பெரும்பாலும் ஐந்தாறு நாட்களில் நோய் வெளிப்படும். இரண்டு நாளில் வெளிப்படுவதும் உண்டு, பதினைந்து நாள் வரை மறைந்திருப்பதும் உண்டு. கோழி இரை எடாமல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கி நிற்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். எச்சம் பச்சை நிறமாக நீர்த்துப் போகும். முட்டையிடும் பேடு திடீரென முட்டையை நிறுத்தும், அல்லது தோல்முட்டை இடும். சில நாள் தாங்கிய கோழிகளில் கழுத்து முறுகித் தலை பின்புறமாகத் திரும்புவதையும், காலும் இறக்கையும் விழுந்துபோவதையும் காணலாம். நோய் கடுமையாயின் குறி எதுவும் காட்டாமலே காலையிற் கூட்டினுள் இறந்து கிடக்கும். தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே மாண்டுபோவதும் உண்டு. கொண்டையிலும் கண்ணிமையிலும் பருக்கள் தோன்றுவது கோழியம்மை. அது வேறு நோய், அதற்குரிய தடுப்பு மருந்தும் வேறு.

நோய் வரும் வழி

கிருமி நோயுற்ற கோழியின் எச்சத்திலும் மூக்கு நீரிலும் வெளிப்படுகின்றது. காற்றினால் ஊரைக் கடந்து வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். ஆயினும், பெரும்பாலான வளவுகளுக்கு அதனைக் கொண்டுவருவது மனிதரே. சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவந்த சேவல், கோழி வியாபாரியின் கூடை, பிறர் வளவில் எச்சத்தை மிதித்த செருப்பு, இரவல் வாங்கிய கடகம் ஆகியனவே அதன் வாகனங்கள். தாராக்களும் புறாக்களும் நோய்க்குறி காட்டாமல் கிருமியைச் சுமக்கக் கூடியவை.

இவை எல்லாவற்றிலும் கேடானது ஒன்றுண்டு. இரண்டு கோழிகள் தூங்கத் தொடங்கியதும், எஞ்சியவற்றை அன்றே வியாபாரிக்கு விற்றுவிடுதல் நம்மவர் வழக்கம். நட்டத்தைக் குறைக்க முயல்வது இயல்பே. ஆனால், நலமாகத் தோன்றும் அக்கோழிகளில் நோய் ஏற்கெனவே புகுந்திருத்தல் கூடும். அவை செல்லும் ஊரெல்லாம் நோயும் செல்லும். அடுத்த ஒழுங்கையிலுள்ள உறவினரின் கூடும் அவ்வாறே அழிகின்றது. அங்கிருந்து அது மீண்டும் உங்கள் வளவிற்கு வர நெடுநாள் ஆகாது.

தடுப்பு மருந்து

நலமாயிருக்கும் வேளையில் தடுப்பு மருந்து கொடுத்தலே கோழிகளைக் காக்கும் வழி. மருந்தின் காப்பு உடலில் உண்டாக ஒரு கிழமை முதல் இரண்டு கிழமை வரை செல்லும். ஆதலால், அயலூரில் நோய் என்று கேட்டபின் ஓடுவது பெரும்பாலும் காலங்கடந்த செயலாகும். நோயுற்ற கோழிக்கு இதனைக் கொடுத்தலாகாது.

வளவுக் கோழிகளுக்கு ஏற்றது கண்ணில் விடும் சொட்டு மருந்து. ஒரு கண்ணில் ஒரு சொட்டு விட்டு, கோழி கண்ணை மூடித் திறக்கும் வரை பிடித்திருந்து விடவேண்டும். குஞ்சுகளுக்கு முதலிரு கிழமைகளுக்குள் ஒரு முறையும், மூன்று நான்கு கிழமைகளின் பின் மறுமுறையும் கொடுத்து, அதன்மேல் நான்கு மாதத்திற்கொரு முறை தொடர்தல் நன்று. தை, வைகாசி, புரட்டாதி என மாதங்களைக் குறித்துக்கொண்டால் மறதி நேராது. தை மாதத்தில் கொடுப்பதால், காலபோக அறுவடையின்போது பல வீட்டுக் கோழிகள் களத்தில் ஒன்றாக மேயும் நாட்களிலும், சித்திரைப் புத்தாண்டிற்காகக் கோழிகள் ஊர்விட்டு ஊர் செல்லும் நாட்களிலும் காப்பு இருக்கும். ஊசியாகப் போடும் வலிய வகை மருந்தும் உண்டு; அதனைக் கால்நடை வைத்திய அதிகாரி கூறும் வயதிற்கு முன் போடலாகாது.

இம்மருந்து ஒரு குப்பியில் நூறு, இருநூறு கோழிகளுக்கு அளவாகவே வருகின்றது. கரைத்த மருந்து இரண்டொரு மணி நேரத்தின் பின் பயன்படாது. பத்துக் கோழி உள்ளவர் தனியே ஒரு குப்பியை உடைத்தால் பெரும்பகுதி வீணாகும். பலர் மருந்து எடாமல் விடுவதற்கு அசட்டையைவிட இதுவே உண்மையான காரணம் என்பது எமது எண்ணம். ஆகவே, ஓர் ஒழுங்கையிலுள்ள பதினைந்து இருபது வீட்டார் ஒன்றுகூடி ஒரு நாளைக் குறித்து, தமது பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்திற்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். முதல்நாள் மாலை எல்லாக் கோழிகளையும் கூட்டில் அடைத்துவிடுக. முருங்கையிலும் பூவரசிலும் ஏறி உறங்குபவற்றை இருட்டியபின் விளக்குடன் பிடித்துக் கூடையால் மூடிவைக்கலாம். விடியற்காலை, கூடு திறக்குமுன் வீடு வீடாக மருந்து விட்டுச் சென்றால் வெயிலேறுமுன் வேலை முடியும். ஒருவர் பிடிக்க ஒருவர் சொட்டு விடுதல் எளிது.

மருந்தைப் பனிக்கட்டியிட்ட வாயகன்ற தெர்மோசுப் போத்தலில் கொண்டுவருக. சட்டைப்பையிலோ சைக்கிட் பெட்டியிலோ வெயிலில் வந்த மருந்து, நிறம் மாறாதிருந்தாலும் வலிமை இழந்திருக்கும். வெப்பந்தாங்கும் வகைகளும் உள. அவற்றையும் வெயிலில் வைத்தல் கூடாது. மருந்து விட்ட கையால் உங்கள் கண்ணைத் தொடாதீர்கள். கண் சிவந்து சில நாள் உறுத்தும். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுக.

புதிதாக வாங்கிய கோழியை மூன்று கிழமை வரை தனிக்கூட்டில், தனிச் சிரட்டையில் இரையும் நீரும் வைத்து வளர்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்த்தல் வேண்டும். நோய் பதினைந்து நாள் வரை மறைந்திருக்கும் என மேலே கூறியதே இதற்குக் காரணம்.

நோய் கண்ட வளவில்

கோழிகள் அடுத்தடுத்து இறந்தால் உடனே கால்நடை வைத்திய அலுவலகத்திற்கு அறிவியுங்கள். பறவைக் காய்ச்சல் போன்ற வேறு கொடிய நோய்களும் இவ்வாறே தோன்றும். பார்வையால் மட்டும் பிரித்தறிய இயலாது. ஆதலால், இறந்தவற்றை வெறுங்கையால் தொடாமல், கிணற்றிற்கு எட்டவாக மூன்றடி ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். வாய்க்காலிலோ பற்றையிலோ வீசினால் நாயும் காகமும் ஊரெங்கும் கொண்டுசெல்லும். தூங்கும் கோழியை அறுத்துக் கறியாக்குவதும் கூடாது. எறியும் இறகும் குடலுமே அடுத்த வளவிற்குப் போதும். எஞ்சிய கோழிகளை அடைத்துவைக்க வேண்டும். விற்றலும் அன்பளிப்பாகக் கொடுத்தலும் ஆகா.

காய்கறி செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கூட்டின் எருவைப் பச்சையாகக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் இடலாகாது. குவித்து, நனைத்து, மூடிப் பல கிழமை மக்கவிட்டபின் இடலாம். கூட்டைச் சுரண்டிச் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவியபின்னரே வெளிற்றும் தூள் கரைத்த நீரைத் தெளிக்கவும். எச்சம் ஒட்டியிருக்கும் பலகையில் அத்தூள் வலுவிழக்கும். கூட்டை ஒரு மாதமேனும் வெயில்பட வெறுமையாக விடுங்கள். பின்னர், தடுப்பு மருந்து பெற்று இரண்டு கிழமை சென்ற இரண்டு மூன்று கோழிகளை மட்டும் முதலில் விட்டு, அவை மூன்று கிழமை நலமாயிருந்தால் மற்றவற்றை வாங்கலாம்.