டிஸ்க்கைக் காணோம் என்று எழுதிய மருமகளுக்கு

எடிசன், நியூஜெர்சி

அன்பு மருமகளுக்கு,

கல்லூரி லேபுக்கு வந்த நாற்பது லேப்டாப்பிலும் யாரும் பக்கத்தில் உட்காராமலே விண்டோஸ் 10 ஏற ஆன்சர் ஃபைல் எழுதினாய். பழைய மெஷின்களில் ஓடிய அதே ஃபைல், புதியவற்றில் முதல் ஐந்திலும் டிஸ்க் இல்லை என்று நின்றுவிட்டது. எஸ்எஸ்டி கெட்டிருக்குமோ என்று பயப்படாதேம்மா. ஐந்தும் ஒரே நாளில் கெடாது.

இன்டெல் 2020-இல் கொண்டுவந்த பதினோராம் தலைமுறை லேப்டாப் சிப்களிலிருந்து, விஎம்டி என்ற கன்ட்ரோலர் பல மாடல்களில் ஆன் ஆகியே வருகிறது. எஸ்எஸ்டி அதன் பின்னால் இருக்கும். விண்டோஸ் 10 யூஎஸ்பியில் அதற்கான டிரைவர் கிடையாது. பயாஸில் விஎம்டியை அணைத்துவிடு என்று பலர் சொல்வார்கள். அணைத்தால் டிஸ்க் தெரியும்தான். ஆனால் நாற்பது மெஷினிலும் கையால் செய்ய வேண்டும். நம் வேலையே கை படாமல் முடிப்பது.

நின்றுபோன திரையில் ஷிப்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அமுக்கு. கறுப்பு ஜன்னல் திறக்கும். டிஸ்க்பார்ட்டுக்குள் போய் லிஸ்ட் டிஸ்க் என்று அடி. உன் யூஎஸ்பி மட்டும் ஒற்றை வரியாகத் தெரியும். வெளியே வந்து, டிஆர்விலோட் கட்டளைக்கு விஎம்டி டிரைவரின் ஐஎன்எஃப் கோப்பைக் கொடு. தரவிறக்கிய இஎக்ஸ்இ-யை அப்படியே கொடுத்தால் ஏற்காது, பிரித்தெடுத்த கோப்பு வேண்டும். மறுபடி லிஸ்ட் டிஸ்க். எஸ்எஸ்டியும் சேர்ந்து இரண்டு வரி வந்தால் காரணம் உறுதி.

இனி ஆன்சர் ஃபைலுக்கு வா. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். நீ ஒரு விண்டோஸ் போடுவதாக நினைக்கிறாய், ஓடுவது இரண்டு. யூஎஸ்பியிலிருந்து எழுந்து மெமரியில் மட்டும் வாழும் சின்ன விண்டோஸ், விண்பிஈ, ஒன்று. அது எஸ்எஸ்டியில் விரித்து வைக்கும் முழு விண்டோஸ் இன்னொன்று. ஆன்சர் ஃபைலில் முதலாவதற்கு விண்டோஸ்பிஈ பாஸ், இரண்டாவதற்கு ஆஃப்லைன் சர்வீஸிங் பாஸ். ஒன்றுக்குக் கொடுத்தது மற்றதற்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி இருக்காதே. இரண்டிலும் டிரைவர் பாதையை எழுது.

பாதை எழுதும்போது டி டிரைவ் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதே. யூஎஸ்பிக்கு எந்த எழுத்து கிடைக்கும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். உன் மேசையில் ஓடியது லேபில் ஓடாமல் போக இது ஒன்றே போதும்.

எக்ஸ்பி காலத்தில் ஒரு சர்வர் ரூமில் நான் பட்டது நினைவிருக்கிறது. ஸ்டோரேஜ் டிரைவருக்காக எஃப்6 அமுக்கி பிளாப்பி செருகிய காலம். நிறுவல் பாதி முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை. கடைசியில் 7பி என்று முடியும் எண். பூட் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று பொருள். நான் விடியும்வரை கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன். திரையில் கடைசியாக வந்ததை மட்டும் பார்த்தேனே தவிர, முதலில் எது தவறியது என்று தேடவில்லை.

நீ தேடு. விண்பிஈ நிலையில் எக்ஸ் டிரைவில் விண்டோஸுக்குள் பாந்தர் என்ற ஃபோல்டர் இருக்கும். செட்டப் செய்ததெல்லாம் நேரத்தோடு அங்கே பதிவாகியிருக்கும். டிரைவர் சங்கதிக்குத் தனியாக ஐஎன்எஃப் ஃபோல்டரில் செட்டப்ஏபிஐ டெவ் லாக். அதில் மூன்று ஆச்சரியக்குறியோடு தொடங்கும் வரிகள் பிழைகள். மேலிருந்து கீழே படி. முதல் பிழையைப் பிடி. பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் வால்கள்.

நான் இருக்கும் இந்த ஊர் 1954 வரை ராரிட்டன் டவுன்ஷிப். இங்குள்ள மென்லோ பார்க்கில் 1876-இல் ஆய்வுக்கூடம் வைத்த தாமஸ் எடிசனின் பெயரைப் பிறகு சூட்டிக்கொண்டது. கணினிக்குள் அந்துப்பூச்சி சிக்கிய 1947-இல்தான் பிழையைக் குறிக்கும் பக் என்ற சொல் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1878 நவம்பரிலேயே எடிசன் ஒரு கடிதத்தில், கருவிகளில் தலைகாட்டும் சிறு குறைகளுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். யோசனை சட்டென வந்துவிடும், பிறகு பக் வரும், அதைத் தீர்க்க மாதக்கணக்கில் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் எழுதியதன் சாரம். அவர் கூடத்தில் நாள்தோறும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். உனக்கு அந்த நோட்டை மெஷினே எழுதித் தருகிறது.

இன்று ஒரே ஒரு லேப்டாப்பில் ஓட்டிப் பார். அது முழுதாக ஏறி முடிக்காமல் மற்றவற்றைத் தொடாதே. நின்றுவிட்டால் திரையைப் படமெடுத்து அனுப்ப வேண்டாம்; லாக்கில் மூன்று ஆச்சரியக்குறி உள்ள முதல் வரியையும், அதற்கு மேலே உள்ள பத்து வரிகளையும் அனுப்பு. இங்கே எந்த நேரமானாலும் பரவாயில்லை, பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா