ஹந்தானை ஏறப் போகிறீர்களா? முகட்டை விடாதீர்கள், ஓடையில் இறங்காதீர்கள்

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் எங்கே நின்று பார்த்தாலும் ஹந்தானை மலைத்தொடர் தெரியும். பக்கத்திலேயே இருப்பதால் பலர் இதை மாலை நடைக்குரிய குன்றாக எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணம்தான் ஆபத்து. ஆயிரம் மீற்றருக்கு மேல் எழும் இந்தத் தொடரில் பனிமூட்டம் சில நிமிடங்களில் இறங்கிவிடும். 2018 இல் மழையிலும் மூட்டத்திலும் சிக்கிய நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்களை இராணுவத்தினரும் பொலிஸாரும் போய் இறக்கிவர வேண்டியிருந்தது. ஒழுங்காகத் திட்டமிட்டால் காலையில் ஏறிப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பத்திரமாக இறங்கிவிடலாம். அதற்கான வழி இது.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரிப் பிற்பகுதி முதல் மார்ச் வரை ஓரளவு காய்ந்த காலம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை பளிச்சென்று இருந்தாலும் பின்னேரம் இடியுடன் மழை கொட்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. பாதை வழுக்கும், அட்டையும் கூடும்.

புறப்படும் முதல்நாள் இரவு இரண்டு அறிவித்தல்களைப் பாருங்கள்: வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கை, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை. கண்டி மாவட்டத்துக்கு எந்த நிற எச்சரிக்கை இருந்தாலும் பயணத்தைத் தள்ளிவையுங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இந்த மாவட்டத்தில் எத்தனை வீடுகளை மண்ணுக்குள் புதைத்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. ஊறிப்போன மலைச்சரிவு மழை விட்ட பிறகும் சில நாட்களுக்கு உறுதியற்றே இருக்கும்.

2. பாதையையும் அனுமதியையும் விசாரியுங்கள்

ஏறுவதற்குப் பொதுவாக இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று, பல்கலைக்கழகப் பக்கம். ரயிலில் வருபவர்கள் சரசவி உயன நிலையத்தில் இறங்கலாம். மற்றது, கண்டி நகரிலிருந்து ஹந்தானை வீதியால் தேயிலை அருங்காட்சியகம் வரை ஆட்டோவில் வந்து, அங்கிருந்து தோட்டத்து ரோட்டில் நடப்பது. அந்த அருங்காட்சியகம் 1925 இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் இருக்கிறது.

இந்தத் தொடர் 2010 இல் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. அடிவாரத்தில் பல்கலைக்கழக நிலமும் தோட்ட நிலமும் இருக்கின்றன. ஆகவே நுழையும் இடத்தில் காவலரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கூடாரம் அடித்துத் தங்க நினைப்பவர்கள் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

பழைய பாதைக் குறிப்பை மட்டும் நம்ப வேண்டாம். கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் நின்று கேளுங்கள். எந்த இடத்தில் மண் சரிந்திருக்கிறது, எந்த மரத்தில் குளவிக்கூடு இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

3. பையில் இருக்க வேண்டியவை

- ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், சோற்றுப் பார்சல், கொஞ்சம் கச்சான் அல்லது பேரீச்சம்பழம்
- பிடிமானமுள்ள சப்பாத்து, நீளக் காற்சட்டை, அதன்மேல் இழுத்துவிட நீளமான மேஸ்
- மழைச்சட்டை (முகட்டில் காற்று வீசும்போது குடை பயன்படாது)
- டோர்ச், விசில், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய தொலைபேசி
- அட்டைக்கு உப்பு அல்லது சவர்க்காரம், காயத்துக்குக் கட்டுத்துணி

4. நேரத்தைக் கட்டுப்படுத்துங்கள்

காலை ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்குங்கள். நண்பகல் பன்னிரண்டுக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து திரும்புங்கள். உச்சி கண்ணுக்கெதிரே தெரிந்தாலும் சரி. இங்கே மாலை ஆறு, ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும். பைன் காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டும்.

போகும் பாதை, திரும்பும் நேரம் இரண்டையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். தனியாகப் போகாதீர்கள். கூட்டமாகப் போனால் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள்.

5. நடக்கும்போது

பைன் சருகின் மேல் கால் வழுக்கும். பாதத்தை முழுதாகப் பதித்து நடங்கள். மானாப்புல் ஆளுயரம் வளர்ந்த இடத்தில் குழி தெரியாது. முன்னால் ஒரு கம்பை ஊன்றிப் பாருங்கள். குளவிக்கூட்டைக் கண்டால் சத்தமின்றி விலகுங்கள், கல் எறியாதீர்கள். வாசனைத் திரவியம் பூசிவர வேண்டாம். வறண்ட மாதங்களில் ஒரு சிகரெட் துண்டு போதும், புல்மேடு முழுவதும் எரிந்துவிடும், நெருப்பே வேண்டாம்.

அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளிவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு சுரப்பை விடுவதால் சிறிது நேரம் கசியும். கழுவி அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

இடி கேட்டால் முகட்டிலிருந்து உடனே இறங்குங்கள், தனி மரத்தடியில் நிற்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் மேலே ஏறாதீர்கள்.

6. ஓடையை நம்பாதீர்கள்

இதுதான் மிக முக்கியம். வழி தவறியவர்கள் "தண்ணீர் ஊருக்குத்தானே போகும்" என்று ஓடை வழியே இறங்குகிறார்கள். ஹந்தானை ஓடைகள் மகாவலியைச் சேர்வது உண்மை. ஆனால் இடையில் அவை ஒடுங்கிய பள்ளங்களுக்குள் புகுந்து, வழுக்குப் பாறையில் செங்குத்தாக விழும். இறங்கிய பிறகு திரும்பி ஏற முடியாது. தொலைபேசிச் சமிக்ஞையும் அங்கே கிடைக்காமல் போகலாம்.

மேலே மழை பெய்தால் அந்தப் பள்ளம் நொடியில் நிரம்பும். 1997 ஓகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில், அன்ரிலோப் கன்யன் என்னும் குறுகிய பாறை இடுக்குக்குள் நடந்த 11 சுற்றுலாப் பயணிகள் திடீர் வெள்ளத்தில் இறந்தார்கள். அந்த வெள்ளத்தைக் கொண்டுவந்த மழை மைல்கள் தொலைவில் பெய்தது. பாலைவனத்துக்கே இந்தக் கதி என்றால், மழைமலையில் இருக்கும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! ஓடை கலங்கினால், இலைகுழை அடித்துவந்தால், இரைச்சல் கூடினால், கரையேறி மேட்டுக்குப் போங்கள். பெருகிய நீரைக் கடக்க முயலாதீர்கள்.

7. வழி தவறினால்

நில்லுங்கள். எல்லோரையும் ஒன்றாகக் கூட்டுங்கள். வந்த வழி நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் அதன்வழியே திரும்புங்கள். மூட்டம் மறைத்தால் முகட்டுப் பாதையோரம், காற்றுப் படாத இடத்தில் இருந்து அது விலகும்வரை காத்திருங்கள். நேரம் போகிறது என்று தெரிந்ததும், பற்றரி இருக்கும்போதே அழையுங்கள்: பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, காயம்பட்டால் அம்புலன்ஸ் 1990. தொலைபேசி காட்டும் இட எண்களை வாசித்துச் சொல்லிவிட்டு, அந்த இடத்திலேயே இருங்கள். விசிலை மூன்று மூன்று தடவையாக ஊதுங்கள்.

8. இறங்கியதும்

குப்பையை உங்கள் பையிலேயே கொண்டுவாருங்கள். மலைநீரைக் குடிப்பவர்கள் கீழே லயங்களில் இருக்கிறார்கள். வழியில் புதிய மண்சரிவோ குளவிக்கூடோ கண்டிருந்தால் தோட்டத்தாரிடமோ காவலரிடமோ சொல்லுங்கள். பிறகு, உங்கள் திரும்பும் நேரத்தை அறிந்து காத்திருப்பவருக்கு "இறங்கிவிட்டோம்" என்று ஒரு அழைப்பு எடுங்கள். அந்த அழைப்பு வராவிட்டால் தேடத் தொடங்க வேண்டும் என்று காலையிலேயே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.