மருந்தாளுநரும் கண்ணோட்டமும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குங்கால் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தனர். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மூன்றாவது மருந்து, நான்காவது உழைச்செல்வான். இந்நான்காமவனை, மருந்தைப் பிழைபடாது இயற்றுபவன் எனப் பரிமேலழகர் கொண்டனர். இக்காலத்து அவ்விடத்தில் நிற்பவர் மருந்தாளுநர். முன்னாளில் கம்பவுண்டர் என்னும் பெயரால் ஊரார் அறிந்திருந்தவரும் இவர் மரபினரே. மருத்துவரைப் புகழ்வார் பலர். மருந்தின் விலையைப் பேசுவார் அவரினும் பலர். உழைச்செல்வானைப் பற்றிப் பேசுவார் அரியர். வேதிநூலும் உயிர்நூலும் கற்றுப் பின்னர் மருந்தியல் பயிலச் செல்வோர் நம் மாணவருள் உளராதலின், அவர் மேற்கொள்ளவிருக்குந் தொழிலில் ஒரு கூற்றை மட்டும், அஃதாவது உளநோயுற்றாரிடத்து மருந்தாளுநர் ஒழுகவேண்டிய முறையை, ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

உளநோய்க்கும் தெருமுனை மருந்துக்கடைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழைமையானதன்று. சென்னையில் 1794ஆம் ஆண்டில் வாலண்டைன் கொனோலி என்னும் மருத்துவர் சித்தங்கலங்கியோருக்கென ஒரு காப்பகந் தொடங்கினார். 1871இல் கீழ்ப்பாக்கத்திற் பெரிய காப்பகம் திறக்கப்பெற்றது. அவ்வூர்ப் பெயரே நகைச்சொல்லாகவும் வசைச்சொல்லாகவும் சென்னை மாந்தர் நாவில் இன்றும் வழங்குவதை யாவரும் அறிவர். அந்நாளில் மருந்தென்று சொல்லத்தக்கது சிறிதே. மதிலும் பூட்டுமே பெரும்பாலும் சிகிச்சையாயிருந்தன. 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வங்க நாட்டறிஞர் இருவர், சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்திற்கும் சித்தக் கலக்கத்திற்கும் பயன்படுதலை எழுதி வெளியிட்டனர். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்பவர் லித்தியம் என்னும் உப்பின் ஆற்றலைக் கண்டார். 1952இல் பாரிஸ் நகரத்தில் டிலே, டெனிக்கர் என்னும் மருத்துவர்கள் குளோர்ப்ரோமசினைக் கொடுத்துப் பல்லாண்டு ஓலமிட்டிருந்தோர் அமைதியுறுதலைக் கண்டு வியந்தனர். இவற்றின் பின்னரே நோயாளர் பலர் மதிலுக்கு வெளியே, தம் வீட்டிலிருந்து, மாதமொருமுறை மாத்திரை வாங்கி உண்டு வாழ்தல் கைகூடிற்று. மதிற்காவலனுக்கிருந்த இடம், உலகம் அறியாமலே, மருந்துக்கடைச் சாளரத்தில் நிற்பவருக்கு வந்து சேர்ந்தது.

மதில் நீங்கியும் அச்சம் நீங்கவில்லை. இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6ஆம் நாள் ஒரு கொட்டகையில் தீப்பற்றியபொழுது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த உளநோயாளர் 28 பேர் ஓடவியலாது மாண்டனர். நம் கல்லூரி மண்டபத்தில் வேதபாடம் கேட்டோருக்கு மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரம் நினைவிருக்கும். கல்லறைகளில் திரிந்த அம்மனிதனையும் ஊரார் சங்கிலியாற் கட்டிப் பார்த்தனர். கிறிஸ்து பெருமான் அவன் பெயரை வினவினார். பின்பு அவன் ஆடையுடுத்துத் தெளிந்த புத்தியுடன் அமர்ந்திருத்தலைக் கண்டபொழுதே ஊரார் அஞ்சினர் என்பது அவ்வரலாற்றில் யாம் பன்முறை நின்று நோக்குமிடமாகும். அவன் பித்தனாயிருந்தபொழுது கட்டிவைக்கத் தெரிந்தவருக்கு, தெளிந்தபின் அவனோடு பழகத் தெரியவில்லை. மருந்துக்கடைக்கு வருபவர் பெரும்பாலோர் இத்தெளிந்த நிலையினர், அல்லது தெளிந்துவருபவர், அல்லது அவருடைய தாய்மார். அவரைக் கண்டு அஞ்சுவதே இன்றைக்கும் முதற்குறை.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் 2015, 2016ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோருள் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு மேல் ஏதேனுமோர் உளநோய் உடையர். நோய்க்குத் தக்கபடி நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையின்றியே இருந்தனர். சிகிச்சை பெறும் சிலரும் மருத்துவரைக் காண்பது மாதத்திற்கொருமுறையோ, மும்மாதத்திற்கொருமுறையோ, அதுவும் சில நிமிட நேரமே. மருந்துக்கடையார் அவரைத் திங்கள்தோறும், ஆண்டுக்கணக்காகக் காண்கின்றார். தம் தெருக்கடையை விட்டு இரண்டு பேருந்து நிறுத்தம் கடந்துசென்று மாத்திரை வாங்குவாரும் உளர். அந்தத் தொலைவு நாணத்தின் அளவு.

நிற்க. கண்ணோட்டம் என்னும் சொல்லை இக்காலத்து எழுத்தாளர் நோக்கு, கருத்து என்னும் பொருளில் வழங்குகின்றனர். அதற்கு நாம் வருந்துகின்றோம். நம் முன்னோர் ஒருவர்மேற் சென்ற கண், அவர் துன்பத்தை அறிந்து நெகிழ்ந்து அவரை விடாது நிற்றலையே அச்சொல்லாற் குறித்தனர். இஃது இரக்கத்தின் வேறு. இரக்கம் எட்டி நின்றும் பிறக்கும். தெருவிற் செல்லும் பித்தனைக் கண்டு 'பாவம்' என்று சொல்லிக் கதவைச் சார்த்திக்கொள்பவரும் இரங்கியவரே. கண்ணோட்டத்திற்குப் பழக்கம் வேண்டும்.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். தாமே அக்கொடிய நோய்க்கு ஆளாகித் தேறியவரும் உளநூல் வல்லவருமாகிய பட்ரீசியா டீகன் என்னும் அமெரிக்க அம்மையார் ஒரு பயிற்சியை அமைத்தார். மாணவர் காதிற் கருவியைப் பொருத்திக்கொள்வர். அதனுள் இழித்தும் அச்சுறுத்தியும் ஓயாது பேசும் குரல்கள் ஒலிக்கும். அவற்றைக் கேட்டுக்கொண்டே சிறு கணக்குப் போடவும், பிறர் வினாவிற்கு விடைகூறவும் வேண்டும். மருந்தியல் மாணவர்க்கும் இப்பயிற்சி அளிக்கப்பெற்றது. நோயாளர் படுந்துன்பம் விளங்கிற்று என்று மாணவர் உரைத்தனர். ஆயினும் இத்தகைய பயிற்சிகளை ஒருசேர ஆராய்ந்தோர், ஒத்துணர்வு மிக்கதோடு, அந்நோயாளரை நெருங்க விரும்பாத மனப்பான்மையும் சிலவிடங்களில் மிக்கதெனக் கண்டனர். கேட்ட குரல்கள் அச்சத்தை விளைத்தன போலும்! சிட்னிப் பல்கலைக்கழகத்தார் வேறொரு வழியை நாடினர். உளநோயோடு வாழ்ந்து தேறிவருவோரையே மருந்தியல் வகுப்பிற்கு அழைத்து, தம் கதையையும், மருந்து உண்ட அனுபவத்தையும், கடையிற் பெற்ற மதிப்பையும் அவமதிப்பையும் கூறச் செய்தனர். மாணவரது விலகல் மனப்பான்மை குறைந்தது. எதிரே அமர்ந்து நகைத்துப் பேசுபவரை அஞ்சுதல் அரிதன்றோ? நம் நாட்டு மருந்தியற் கல்லூரிகளிலும் இத்தகைய வகுப்பு ஆண்டிற்கு ஒன்றேனும் நடத்துதல் பெருஞ்செலவு பிடிப்பதன்று.

இனி, சாளரத்தில் இக்கண்ணோட்டம் எவ்வாறு செயலாகும் என்பதைக் காண்போம். முதற்கண் குரல். சீட்டை உயர்த்திப் பிடித்து, 'தூக்க மாத்திரை இருக்கிறதா பார்' என்று கடையின் உட்புறம் நோக்கிக் கூவும் பையனால், நின்றிருந்த பதின்மருக்கும் ஒருவர் மறை வெளியாகின்றது. அம்மாத்திரை தூக்கத்திற்குரியதாகவும் இருப்பதில்லை. மற்றொன்று, அன்புபோல் தோன்றித் தீங்கு விளைப்பது. 'இதையெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்குத் தம்பி சாப்பிடுவாய்? கொஞ்சங் கொஞ்சமாய் விட்டுவிடு' என்னும் அறிவுரை. கேட்டவன் விடுகின்றான். விட்டவுடன் பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. கைநடுக்கமும் மயக்கமும் நீங்கி முன்னினும் நலமாகவே சில வாரங்கள் செல்லும். ஆதலின் அறிவுரை மெய்யென்றே தோன்றும். பின்னரே நோய் திரும்புகின்றது. அப்பொழுது வேலை போம். சிலருக்கு இல்லறம் போம். சிலருக்கு உயிரும் போம். இரங்கிச் சொன்னவர் இவ்விளைவை அறியார்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கப்பெறும் மாத்திரைகளோ இதற்கு நேர்மாறாக நடப்பன. முதல் நாட்களில் குமட்டலும் தலைவலியும் வரலாம். நன்மை தோன்ற இரண்டு முதல் நான்கு வாரங்களாகும், சிலர்க்கு அதனினும் மிகும். இதனை முதல் நாளே ஒரு வாக்கியத்திற் சொல்லிவிட்டால், ஐந்தாம் நாள் அட்டையைத் தூக்கி எறிபவர் குறைவர்.

மாத்திரையின் நிறத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகின்றது. ஒப்பந்தம் மாறினால் செய்யுங் கம்பெனி மாறும்; வெண்ணிற மாத்திரை மஞ்சளாகும், வட்டம் நீளுருவாகும். தனியார் கடையிலும் இவ்வாறே. இரத்த அழுத்த நோயாளர் ஒருவர் இதனைக் கண்டு முணுமுணுத்துப் போய்விடுவர். வீட்டார் தமக்கு நஞ்சிடுகின்றனர் என்னும் ஐயத்தால் ஆண்டுக்கணக்கில் வாடியவர்க்கோ அம்மாறுதல் வேறு பொருள்படும். 'அம்மா, இம்மாதம் நிறம் மாறியிருக்கிறது. மருந்து அதுவேதான், இதோ பெயரைப் பாருங்கள்' என்று தாயிடமும், அவரினும் முன்னதாக அந்நோயாளரிடமும், பழைய அட்டையையும் புதிய அட்டையையும் அருகருகே வைத்துக் காட்டுதல் அரை நிமிட வேலை. நோயாளர் நேரே நிற்க, அவரை விடுத்து உடன்வந்தவரிடமே பேசுதல் மிகப் பரவிய தவறு. அவரைப் பெயர் சொல்லி அழைத்து அவரிடமே பேசுதல் வேண்டும்.

சொல்ல நாணும் குறைகள் பல. ரிஸ்பெரிடோன் போன்றவற்றால் சில பெண்டிருக்கு மாதவிலக்கு நின்று மார்பிற் பால் சுரக்கும். கருவுற்றதாக எண்ணி வீடே கலங்கும். ஆடவர் சிலர்க்கு இல்லற இன்பத்திற் குறையுண்டாகும். அதனை அவர் யாரிடமும் கூறார், மருந்தை மட்டும் நிறுத்துவர். ஓலான்சபினாற் பசி மிகுந்து உடல் பருக்கும். சிலருக்கு ஓரிடத்தில் நிற்கவொட்டாத பரபரப்பு உண்டாகும். அதனை நோய் முற்றியதாகக் கருதி வீட்டார் இன்னுமொரு மாத்திரை கொடுக்கப் பார்ப்பர். 'இம்மருந்தால் சிலருக்கு இவ்விவை வருவதுண்டு. உங்களுக்கு ஏதேனும் உண்டா, ஐயா?' என்று தாழ்ந்த குரலில் மருந்தாளுநரே வினவினாலன்றி இவை வெளிவாரா. வினவியபின், மருத்துவரிடம் கூறி அளவை மாற்றிக்கொள்ள வழியுண்டென்று அவரை அனுப்புதல் வேண்டும். மாற்றுந் தொழில் மருந்தாளுநரதன்று.

லித்தியம் உண்பார் சித்திரை வெயிலில் வியர்த்து நீரிழந்தாலும், வயிற்றுப்போக்குற்றாலும் அம்மருந்து குருதியில் ஏறும். மூட்டுவலிக்கென்று இபுபுரோபன் வாங்கி உண்டாலும் அவ்வாறே. கை மிக நடுங்கி, வாந்தியுண்டாகி, நடை தள்ளாடினால் உடனே மருத்துவமனை செல்லவேண்டும். க்ளோசபின் உண்பாருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் தோன்றின், அதற்கொரு மாத்திரை விற்று அனுப்பிவிடலாகாது. குருதியின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கக்கூடுமாதலின் அன்றே குருதிச் சோதனை வேண்டும். அன்புடையார் எல்லாரும் இவற்றை அறியார், அறிந்தாரெல்லாம் அன்புடையாருமல்லர். இரண்டும் ஒருவரிடத்திற் கூடினாலே உழைச்செல்வான் ஆவர்.

திருமணத்தின்பொருட்டு நிகழும் கொடுமையை யாம் சொல்லாது விடவியலாது. பெண்ணின் நோயை மறைத்து மணமுடிக்கும் பெற்றோர், மணநாளுக்குச் சில வாரங்களுக்கு முன்னரே மாத்திரையை நிறுத்துவர். அல்லது அட்டையிலிருந்து பிரித்துச் சத்து மாத்திரைப் புட்டியில் இட்டு அனுப்புவர். சோடியம் வால்ப்ரோயேட் உண்ணும் பெண் கருவுற்றால் சிசுவிற்குப் பெருந்தீங்கு நேரக்கூடும். தானாக நிறுத்தினால் நோய் சீறி எழும். ஆகவே மணப்பேச்சு நடக்கும்பொழுதே மருத்துவரைக் கண்டு மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டுமென்று சொல்லத்தக்கவர், மாதந்தோறும் அச்சீட்டைக் கண்டுவரும் மருந்தாளுநரே. சொல்லுமுறையிற் பழிப்பு இருத்தலாகாது. அப்பெற்றோரும் அஞ்சி நடுங்குபவரே.

சிலர் வழக்கத்திற்கு மாறாக மூன்று மாத மருந்தை ஒருசேரக் கேட்பர், முகம் வாடியிருக்கும், 'இனி வரமாட்டேன்' என்பர். அப்பொழுது தனியே அழைத்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டோ என்று நேரே வினவலாம். வினவுதலால் இல்லாத எண்ணம் புகுந்துவிடும் என்பது வீண் அச்சம். பலர்க்கு அவ்வினா ஆறுதலாகவே அமையும். 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இந்திய அரசினர் தொடங்கிய டெலிமானஸ் என்னும் தொலைபேசித் துணை 14416 என்னும் எண்ணில் தமிழிலும் கிடைக்கின்றது. அவ்வெண்ணைச் சாளரத்தருகே ஒட்டிவைத்தல் நன்று.

2015ஆம் ஆண்டு மருந்தாளுநர் தொழில் விதிகள் நோயாளர்க்கு மருந்தைப் பற்றி விளக்கிக் கூறுதலை மருந்தாளுநர் கடமையாக வைத்தன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ உளநோயாளர் செய்தி மறைவாகக் காக்கப்பெறும் உரிமையை அளித்தது. இவ்விரண்டிற்கும் இடையே மருந்தாளுநர் நடக்கும் வழி சிறிது நுண்ணியது. மாதந்தவறாது வந்த ஒருவர் இம்மாதம் வாராவிடின், பக்கத்து வீட்டாரிடம் கேட்டனுப்புதல் அன்பின் மிகுதியாற் செய்யும் பிழையாகும். அவரே முன்னர் இசைந்து தொலைபேசி எண் கொடுத்திருப்பின், அவரையே அழைத்து, மருந்தின் பெயர் கூறாது, 'ஐயா, உங்கள் பொட்டலம் எடுத்துவைத்திருக்கிறேன். மாலையில் கூட்டம் இராது, வாருங்கள்' என்று சொல்லுதல் போதும்.