பச்சோந்தியும் பனித்துளியும்

 

கிண்ணம் நிறைய நீர் இருக்க, அதன் அருகிலேயே ஓர் உயிர் தாகத்தால் வாடி இறப்பதுண்டு என்றால் நம்புவீர்களா? கூண்டில் வளர்க்கப்படும் பச்சோந்திக்கு இக்கதி நேர்வதுண்டு. தேங்கி நிற்கும் நீரை நீரென்று அது எளிதில் அறிந்துகொள்வதில்லை. இலைமீது உருண்டு, ஒளிபட்டு மின்னும் துளியையே கண்டு நக்கிக் குடிக்கும். இயற்கையில் பனியும் மழையும் அதற்கு அவ்வாறே நீரூட்டுகின்றன. ஆகவே, கூண்டில் நீரையும் ஈரத்தையும் பேணும் முறையை இங்கு ஆராய்வோம்.

எது பச்சோந்தி?

லூபோக் சீனாவைச் சூழ்ந்த தோட்டங்களில் நிறம் மாறும் பல்லி வகைகளைக் காண்கிறோம். மலாய்க்காரர் அவற்றைச் 'சும்பா சும்பா' என்பர். நம்மவருள் பலர் பச்சோந்தி என்பர். உண்மையில் அவை ஓணான் இனத்தைச் சேர்ந்தவை. மெய்யான பச்சோந்தியின் கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும். விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கிபோல் கிளையைப் பற்றும். அது மலேசியக் காடுகளில் இயல்பாக வாழ்வதில்லை. தமிழகத்திலும் இலங்கையிலும் ஓரினம் உண்டு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கின்றது. பல நாடுகளில் வீட்டில் வளர்க்கப்படுவது, ஏமன் நாட்டையும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்ட ஏமன் பச்சோந்தியாகும்.

ஈரப்பதம் என்றால் என்ன?

ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று ஏற்கக்கூடிய நீராவியின் முழு அளவை 100 என்று கொள்வோம். அதில் எத்தனை பங்கு அப்போது காற்றில் உள்ளதோ, அதுவே ஈரப்பதம். நம் நாட்டில் மாதச் சராசரி ஈரப்பதம் 70 முதல் 90 சதவிகிதம் வரை இருக்கும். விடியற்காலையில் மிகுந்து, வெயில் ஏற ஏறக் குறையும்.

இதனை அளக்க மாணவர்கள் ஓர் எளிய சோதனை செய்யலாம். ஒரே மாதிரியான வெப்பமானிகள் இரண்டினை நிழலில் தொங்கவிடுக. ஒன்றன் குமிழை ஈரத்துணியால் சுற்றுக. துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் அவ்வெப்பமானி குறைந்த அளவைக் காட்டும். இரண்டுக்கும் வேறுபாடு மிகுந்தால் காற்று உலர்ந்துள்ளது. வேறுபாடே இல்லையெனில் காற்று நீராவியால் நிறைந்துள்ளது. கூண்டின் அருகில் காலையும் நண்பகலும் இவ்வாறு அளந்து எழுதி வருதல் நன்று.

நனைதலும் உலர்தலும்

தோட்டத்தில் வாழும் நமக்கு ஈரத்தின் இயல்பு புதிதன்று. இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் பால்வெட்டுத் தொழிலாளர் மரம் உலரும்வரை காத்திருப்பர். நனைந்த பட்டையில் வெட்டினால் பால் கோட்டின் வழியே மங்குக்கு வாராமல் பட்டைமேல் பரவி வீணாகும். ஈரத்துக்கு ஒரு வேளை, உலர்வுக்கு ஒரு வேளை என்பதை நம் பெற்றோர் அன்றாடத் தொழிலால் அறிந்துள்ளனர். பச்சோந்தி வளர்ப்பிலும் இதுவே முதற்பாடம்.

ஏமன் பச்சோந்திக்கு இரவில் ஈரம் மிகுந்தும், பகலில் ஏறக்குறைய 50 சதவிகித அளவிலும் இருப்பது நலம். குளிர்நாடுகளில் வளர்ப்போர் ஈரத்தைக் கூட்டப் பாடுபடுவர். நமக்கோ ஈரம் தேங்காமல் காப்பதே பெரும்பணி. ஆதலால் கண்ணாடிப் பெட்டி இங்கு ஏற்றதன்று. நாற்புறமும் காற்றோடும் கம்பிவலைக் கூண்டே உகந்தது. அதனுள் செம்பருத்திச் செடியைத் தொட்டியோடு வைத்தால், அதன் இலைகள் நீர்த்துளிகளைத் தாங்கும்.

விடியற்காலையில் இலைகள் நனையுமாறு இரண்டொரு நிமிடம் மென்மையாக நீர் தெளித்திடுக. பச்சோந்தியின் முகத்தில் நேராகப் பீய்ச்சுதல் கூடாது. ஒரு பிளாஸ்டிக் கோப்பையின் அடியில் ஊசித்துளையிட்டுக் கூண்டின்மேல் வைத்தால், துளிகள் ஒவ்வொன்றாக இலைமீது விழும். அரை மணி நேரம் அவ்வாறு விழுந்தால் அது நிதானமாகக் குடிக்கும். பின்னர் நண்பகலுக்குள் இலையும் கிளையும் முற்றும் உலர்தல் வேண்டும். மாலையில் மீண்டும் சிறிது தெளிக்கலாம். நாள் முழுதும் நனைத்துவைத்தால் பூஞ்சணம் படரும். வெப்பமும் தேங்கிய ஈரமும் சேர்ந்து சுவாச நோயை உண்டாக்கும்.

கீழே வடியும் நீர்

வடிந்த நீர் தட்டில் தேங்குமாயின் அது வீட்டாருக்கே கேடாகும். ஏடிஸ் கொசு தெளிந்த நீரில் முட்டையிடும். ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களில் அம்முட்டை வளர்ந்து கொசுவாகும். டிங்கிக் காய்ச்சல் பரவுவது அதனாலன்றோ? ஆகவே தட்டை நாள்தோறும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். ஓர் உயிரைப் பேணப் போய் அண்டை வீட்டுக் குழந்தைக்கு நோய் தருதல் தகுமோ?

காணவேண்டிய குறிகள்

கண்கள் குழிவிழுந்தாலும், எச்சத்தின் வெண்பகுதி மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மாறினாலும் நீர் போதவில்லை என்று உணர்க. வெப்பம் இல்லாதபோதும் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, வாயில் நுரை தோன்றினாலோ சுவாச நோயென ஐயுற்று, காலந்தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. ஆதலின், பச்சோந்தி வாங்க விரும்புவோர் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் உரிமம் பற்றிக் கேட்டறிந்த பின்னரே வாங்குதல் வேண்டும். தோட்டத்து ஓணானைப் பிடித்துத் தகர டின்னில் அடைக்கும் வழக்கத்தையும் மாணவர்கள் கைவிடுதல் வேண்டும். அதற்குரிய பனித்துளி ஒவ்வொரு காலையும் வேலியோரச் செடியிலேயே காத்திருக்கிறது.

நாம் விரும்பியதைக் கொடுத்துவிட்டு அதனை அன்பென்று எண்ணுதல் எளிது. அவ்வுயிர்க்கு எது வேண்டும், எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும் என்று அறிந்து கொடுப்பதே மெய்யான அன்பு. கிண்ணம் நிறைய நீர் வைத்தோம் என்று நிறைவடையாமல், இலைமேல் துளி உண்டா என்று நாள்தோறும் பார்ப்போமாக!