மழை மாதத்துக்கும் தவணை உண்டு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கூனிமேடு. இன்னும் சற்றுத் தள்ளி மரக்காணம் உப்பளங்கள். இந்தக் கரையில் வருமானம் பருவம் பார்த்துத்தான் வரும். தை, மாசியில் பாத்தியைச் சீர்செய்து தொடங்கும் உப்பு வேலை, புரட்டாசி வரை ஓடும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தியும் வெள்ளமும் ஒன்றாகிவிடும், கூலி நின்றுபோகும். மீன்பிடிக் குப்பங்களிலும் அந்த மாதங்களில் கடலுக்குப் போகும் நாளை விடப் போக முடியாத நாள்தான் அதிகம். வங்கிக்கு இந்தப் பருவமெல்லாம் தெரியாது. ஒவ்வொரு மாதமும் குறித்த தேதியில் கணக்கிலிருந்து தவணையை எடுத்துக்கொள்ளும்.

வீட்டுக் கடன் பற்றி நம்மிடையே புழங்கும் பேச்செல்லாம் மாதச் சம்பளக்காரருக்காக உண்டானவை. அவற்றை உப்பளக் கரைக்குக் கொண்டுவந்தால் பாதி உடைந்துபோகும். மீதியில் சில, சம்பளக்காரருக்கே பொய்.

“செலவைச் சுருக்கினா தவணை தானா கட்டிப்போயிடும்.”

இதைச் சொல்பவர் பெரும்பாலும் ஆண். கேட்டுக்கொள்பவர் அடுப்படியில் இருப்பவர். கணக்கைப் பார்ப்போம். 10 லட்சம் ரூபாய் கடன், 20 ஆண்டு, 8.5 விழுக்காடு வட்டி என்றால் மாதத் தவணை 8,678 ரூபாய். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் வரவு இல்லை என்று வைத்துக்கொண்டால், 26,034 ரூபாயை மற்ற ஒன்பது மாதங்களில் தனியே எடுத்து வைத்தாக வேண்டும். அதாவது மாதம் 2,893. எனவே இந்த வீட்டின் உண்மையான தவணை 8,678 அல்ல, ஏறத்தாழ 11,570. கடன் வாங்கும் நாளில் இந்த எண்ணை யாரும் சொல்வதில்லை. ‘எட்டாயிரத்துச் சில்லறைதானே, சமாளிச்சிடலாம்’ என்று கையெழுத்துப் போட்டவர்கள், முதல் மழைக்காலத்திலேயே நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்குப் போகிறார்கள். குடும்பத்தில் ஊதாரித்தனம் என்று அதற்குப் பெயரும் வைத்துவிடுகிறார்கள்.

கணவனும் மனைவியும் ஆளுக்கொரு டீயை விட்டார்கள் என்றே இருக்கட்டும். டீ 12 ரூபாய் என்றால் மாதம் 720 மிஞ்சும். அந்த 2,893-இல் கால்வாசிகூட இல்லை. பால், மருந்து, பிள்ளைகளின் பஸ் செலவு இவற்றில் கைவைத்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கலாம். அது சேமிப்பில்லை, வேறொரு நாளைக்குத் தள்ளிவைத்த செலவு. குறைக்கத்தான் வேண்டுமென்றால், ஆண்டுக்கு நாலைந்து முறை மொத்தமாகப் போகிறதே, அந்தப் பணத்தைப் பாருங்கள்: மொய், சீர், காதுகுத்து, ஊருக்குப் போட்டியாக வைக்கும் விருந்து. அங்கே ஒருமுறை ‘இந்த வருஷம் இவ்வளவுதான்’ என்று சொல்லிவிட்டால், வீட்டில் ஒரு வருடம் முணுமுணுப்பில்லாமல் சாப்பிடலாம். சொல்வது எளிதல்ல என்று எனக்கும் தெரியும். மைத்துனன் வீட்டுக் கல்யாணத்தில் கவரைச் சிறியதாக்குகிறவனுக்குத் துணிச்சல் வேண்டும்.

“நிவாரணப் பணம் வருதே, அதுல ஒப்பேத்திக்கலாம்.”

உப்பளத் தொழிலாளருக்கு வேலையில்லாத மழைக்காலத்துக்காகத் தமிழக அரசு 2022 முதல் தரும் தொகை 5,000 ரூபாய். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளுக்கு மீனவக் குடும்பத்துக்கு 8,000. மேலே சொன்ன கடனுக்கு இரண்டுமே ஒரு மாதத் தவணைக்கும் எட்டாது. அந்தப் பணம் அரிசிக்கு. அதை வங்கிக்கு எழுதி வைப்பது அநியாயம்.

“பாதிக் காலம் கட்டியாச்சு, பாதிக் கடன் தீர்ந்துடுச்சு.”

அதே 10 லட்சம். பத்து ஆண்டில் நீங்கள் கட்டியது 10 லட்சத்து 41 ஆயிரம். பாக்கி அசல்? ஏறத்தாழ 7 லட்சம்! முதல் மாதத் தவணையான 8,678-இல் 7,083 வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 1,595 மட்டும். இதில் ஏமாற்று ஏதும் இல்லை. பாக்கி இருக்கும் அசலுக்கு வட்டி போட்டால் கணக்கு இப்படித்தான் வரும். அதனால்தான் ஆரம்ப ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டும் சிறு தொகைக்குப் பெரிய பலன். ஆண்டுக்கு ஒருமுறை, உப்பு நன்றாக விளைந்த மாதத்தில், 10,000 ரூபாயை அசலில் கட்டிக்கொண்டே வந்தால் 20 ஆண்டுக் கடன் 16 ஆண்டும் சில மாதமுமாகச் சுருங்கும். வட்டியில் இரண்டு லட்சத்துக்கு மேல் மிச்சம்.

‘முன்கூட்டிக் கட்டினா அபராதம் போடுவாங்க’ என்ற பயம் இன்னும் போகவில்லை. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு அப்படி வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கட்டும்போது ‘அசலில் வரவு வைங்க’ என்று எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

“கையில இருக்கிறதையெல்லாம் போட்டுக் கடனை முதல்ல ஒழிச்சுடணும்.”

மேலே சொன்னதைப் படித்துவிட்டு இந்த முடிவுக்கு வராதீர்கள். முதலில் மழைக்கால மூன்று தவணை கையிருப்பாக இருக்க வேண்டும். அதற்கு மேல் மிஞ்சியதுதான் அசலுக்கு. இந்த வரிசை மாறினால் என்ன ஆகும்? ஆவணியில் வங்கியில் 20,000 கட்டிய குடும்பம் கார்த்திகையில் தண்டலுக்குப் போகும். கையில் 9,000 கொடுத்து, நாளைக்கு 100 வீதம் நூறு நாள் வாங்கினால் ஆண்டு வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டும். அடகுக் கடையில் ‘ரெண்டு வட்டி’ என்றால் ஆண்டுக்கு 24. எட்டரை விழுக்காட்டுக் கடனைக் குறைக்க ஓடி, இந்த இரண்டில் ஒன்றில் விழுவதில் என்ன லாபம்?

“தவணை ஏறல, அதனால வட்டியும் ஏறல.”

இதுதான் உள்ளதில் மோசமான நம்பிக்கை. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதம் 2020-இல் 4 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. பலருக்கு 7 விழுக்காட்டையொட்டி வீட்டுக் கடன் கிடைத்தது. 2022 மே மாதம் ஏறத் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.5 ஆனது. இரண்டரைப் புள்ளி ஏற்றம். பல வங்கிகள் தவணையை அப்படியே விட்டுவிட்டு ஆண்டுகளை நீட்டின. 7 விழுக்காட்டில் 10 லட்சத்துக்குத் தவணை 7,753. இரண்டு ஆண்டு கட்டியபின் பாக்கி 9.5 லட்சம் என்று கொள்வோம். வட்டி 9.5 ஆனால் மாத வட்டி மட்டும் 7,521. அசலுக்குப் போவது 232 ரூபாய்! அதே தவணையில் போனால், மீதமிருந்த 18 ஆண்டு 37 ஆண்டாகும். ஓய்வு வயதைத் தாண்டி மகன் தலையில் விழும். பழைய காலத்துக்குள் முடிக்கத் தவணையை 9,200 ஆக்கியிருந்தால் போதும்.

இந்தக் குளறுபடியைப் பார்த்துத்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும். கேட்கவில்லையா? கிளைக்குப் போய், ‘இன்னும் எத்தனை மாசம் பாக்கி?’ என்று கேளுங்கள். 2025-இல் ரெப்போ 6.5-லிருந்து 5.25 வரை இறங்கியது. அந்தக் குறைப்பு உங்கள் கணக்குக்கு வந்ததா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

“வீட்டுக் கடன் இருந்தா வரி மிச்சம்.” வருமான வரியே கட்டாத குடும்பத்துக்கு என்ன மிச்சம்? கட்டுபவர்களும் புதிய வரிமுறையில் இருந்தால், தாம் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு கிடையாது. அடுத்ததற்குப் போவோம்.

“ஒரு தவணை தப்பினா வீட்டைப் பூட்டிடுவாங்க.”

தொண்ணூறு நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் அது வாராக்கடன். அதன்பின் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு, பிறகுதான் கையகப்படுத்தல். விற்பதற்கு முன்னும் அறிவிப்பு தர வேண்டும். தாமதக் கட்டணம் உண்டு, கடன் மதிப்பெண் சரியும். ஆனால் பூட்டு உடனே வராது. இந்தப் பயம்தான் ஆட்களைத் தண்டல்காரரிடம் அனுப்புகிறது. மார்கழியில் பாக்கி விழுந்தபின் ஒளிவதைவிட, புரட்டாசியிலேயே கிளை மேலாளரைப் பார்த்து, மழை மாதத் தவணைக்கு என்ன வழி என்று கேட்பது நல்லது. மறுத்தாலும் நட்டமில்லை.

“கடன் மகன் பேர்ல, கட்டுறதும் மகன்தான்.”

கூலிக்குச் சம்பளச் சீட்டு இல்லை. எனவே புதுச்சேரியில் வேலை பார்க்கும் பிள்ளையின் பெயரில் கடன்; மனை அப்பா பெயரில்; கட்டுவது எல்லோரும். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும் கணக்கு குழம்பும். வந்த மருமகளுக்கு யார் எவ்வளவு தருகிறார்கள் என்பதே தெரியாது, கேட்டால் தப்பாகிவிடும். அப்பாவும் சேர்ந்து கையெழுத்திட்டிருந்தால் முழுக் கடனுக்கும் இருவரும் பொறுப்பு. ‘என் பங்கை நான் கட்டிட்டேன்’ என்பது வங்கியிடம் செல்லாது. எந்த மாதம் யார் கட்டுவது என்று ஒரு நோட்டில் எழுதி, மருமகளையும் உட்கார வைத்துப் பேசிவிடுவது மேல். பெரியவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும்.

“இன்சூரன்ஸ் வங்கியே போட்டிருக்கு.”

போட்டிருப்பது பெரும்பாலும் கடன்தாரரின் உயிருக்கு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது இந்தக் கரை பட்ட பாடு தெரியும். கூரை பறந்தால் அந்தப் பாலிசி ஒரு பைசா தராது. புயல், வெள்ளத்துக்கு வீட்டைக் காப்பீடு செய்யும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுப் பாலிசி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. மனையின் விலைக்கல்ல, கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவுக்கு எடுங்கள். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்வதற்கு இதிலும் பணம் கிடைக்காது. அந்தப் பராமரிப்புச் செலவு தவணையோடு சேர்ந்த செலவுதான்.

“கடைசித் தவணையோட எல்லாம் முடிஞ்சுது.”

பத்திரத்தை அடமானம் வைத்தபோது சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தது வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும். கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் வங்கியை அழைத்துப் பதிவு செய்தால்தான் அடமானம் தீர்ந்தது என்று அதில் ஏறும். கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரம் கைக்கு வர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023 டிசம்பர் 1 முதல் விதி. பத்திரம் வந்ததும் ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுங்கள்.