கோயில் யாருக்கு? கோடு எங்கே?

தாய்லாந்தும் கம்போடியாவும் ஒரு சிவன் கோயிலுக்காகவா அடித்துக்கொள்கின்றன?
– வாசகி, கும்பகோணம்

கோயில் வழக்கு 1962-லேயே முடிந்துவிட்டது அம்மா. பிரியா விகார் கோயில் கம்போடியாவுக்கே என்று சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகராறு எல்லைக்கோட்டில்தான். மலையின் நீர்பிரி முகடே எல்லை என்றது 1904 ஒப்பந்தம். 1907-ல், அப்போது கம்போடியாவை ஆண்ட பிரான்சின் அதிகாரிகள் வரைந்த வரைபடமோ கோயிலைக் கம்போடியா பக்கம் காட்டியது. ஆனால் கோயிலின் நீண்ட கல்படிகள் இறங்குவது வடக்கே, தாய்லாந்தை நோக்கி! தெற்கே, கம்போடியா பக்கம், செங்குத்தான பாறை. 2025 ஜூலையில் இந்த எல்லை நெடுகிலும் ஐந்து நாள் பீரங்கிச் சண்டை. லட்சக்கணக்கானோர் வீட்டை விட்டு ஓடினார்கள். டிசம்பரில் மறுபடியும் மூண்டது. இரு நாட்டு அளவையாளர்களும் சேர்ந்து நின்று எல்லைக்கல் நடும்வரை அங்கே நிம்மதி இல்லை.